எங்கே என்ற சொல்

கிட்வே பல்கலையில் எங்கள் வகுப்புக்கு
இரண்டுங்கெட்டான் என்று பேர்.
நிரல் எழுதுகிறவர்கள் எங்களைக்
கணக்குப்பிள்ளைகள் என்று சிரிப்பார்கள்.
கணக்கு படிக்கிறவர்களோ
பிரிண்டர் மக்கர் செய்தால் மட்டும் கூப்பிடுவார்கள்.
தகவல் அமைப்பியல், மூன்றாம் ஆண்டு.
கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் அம்மா
"முட்டிண்டா ஏதோ கம்ப்யூட்டர் படிக்கிறாள்" என்று
பேச்சை நிஷிமாத் தட்டின் பக்கம் திருப்புவாள்.

இந்த ஆண்டுக்கு ஒரே விதி:
நிஜமான ஓரிடம், நிஜமான ஒரு குழப்பம்,
அதற்கொரு அமைப்பு.
லுபிந்தா வங்கிக்குப் போனான்,
காவலாளியைத் தாண்டவில்லை.
நமுகோலோ மருத்துவமனைக்கு எழுதிய கடிதம்
இன்னும் யாரோ ஒருவர் மேசையில்.
மூவருக்குமாகக் கடைசியில் கிடைத்தது
குழாயடி.

பானா கசோண்டேயின் கடன் நோட்டில்
பெயர்கள் கிடையாது.
சிவப்பு வாளி. இரட்டைப் பிள்ளைக்காரி.
வெல்டர். வெல்டரின் தம்பி, ஆனால் நல்லவன்.
வாளி ஒன்றுக்கு ஐம்பது ங்வே.
ஒவ்வொரு வரிசைக்கும் தனக்கே உரிய
திறவு வேண்டும் என்கிறது பாடப்புத்தகம்.
சிவப்பு வாளி போன வாரம்
நீல வாளி வாங்கிவிட்டாள்.
எல்லாருக்கும் எண் கொடுத்தேன்.
வெள்ளிக்கிழமை அமைப்பு ஓடத் தொடங்கியது.
இனி நோட்டு வேண்டாம் என்று சொன்னதும்
நான்தான்.

எங்கள் பகுதிக்கு மின்சாரம்
இரவு பதினொன்றிலிருந்து மூன்று வரை.
திங்கள் இரவு, இரண்டே முக்கால்.
யாரோ ஒருத்தி கடனை அடைத்திருந்தாள்,
அவள் வரிசையை மட்டும் எடுக்கவேண்டும்.
அழி என்று எழுதினேன்.
எங்கே என்று எழுத மறந்தேன்.

பாதிக்கப்பட்ட வரிசைகள்: 212.

லுபிந்தாவின் பென் டிரைவில்
வெள்ளிக்கிழமைப் பிரதி இருந்தது, என் பையிலேயே.
உடனே செருகவில்லை. சொன்னால் என்ன.
இந்த நிமிடம் இந்தக் குடியிருப்பில்
யாரும் ஒரு வாளிகூடத் தரவேண்டியதில்லை.
விடுதலையானது தெரியாமல்
குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.
யாருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தபோது
சுவரில் நானே ஒட்டிய வரைபடம்:
குழாயடியிலிருந்து தண்ணீர்க் கம்பெனிக்கு
மாதம் முடிந்தால் ஓர் அம்புக்குறி.
அளவுகோல் வைத்து நானே இழுத்தது.
செருகினேன்.

சனி, ஞாயிறு, திங்கள்
திரும்பவில்லை.

காலையில் சொன்னேன்.
பானா கசோண்டே குழாயின் பூட்டைத் திறந்தபடி,
"சரி, கேள்" என்றாள்.
"யாரை?"
"வருகிறவர்களை."

திரையில் அழிந்த வரிசை
வாளிகளோடு எதிரே வந்து நின்றது.
மடிக்கணினியை ஒரு கையில் தாங்கி
ஒவ்வொருவராகக் கேட்டேன்:
சனியிலிருந்து எத்தனை?
சீருடையில் ஒரு சிறுமி
ஐந்து என்றாள், பிறகு ஆறு,
வழியில் கொட்டியதையும் சேர்த்து.
நீல வாளி
தனக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொன்னாள்.
வெல்டர் கேட்டான்: "உன் பெட்டி என்ன சொல்கிறது?"
"எதுவும் சொல்லவில்லை."
"அப்படியென்றால் பூஜ்யம்."
இரண்டு கேனையும் தூக்கிக்கொண்டு நடந்தான்.

பூஜ்யம் வேறு, வெற்று வேறு.
அது இரண்டாம் ஆண்டுப் பாடம்.
அவன் கட்டத்தை வெற்றாக விட்டேன்.

முனைவர் சிம்ஃபுக்வே
பிரதி எடுக்கும் ஒழுங்கு இல்லை என்று
எட்டு மதிப்பெண் வெட்டினார்.
தரவு சரிபார்த்த முறை என்ற கட்டத்தில்
நான் எழுதியிருந்தது:
வரிசையில் நின்றவர்களைக் கேட்டோம்.
அதன் கீழே பென்சிலால் கோடிட்டிருக்கிறார்,
பாராட்டா கேலியா தெரியவில்லை.

இப்போதெல்லாம்
எங்கே என்பதை முதலில் எழுதுகிறேன்.
எண்ணை இரண்டு முறை பார்க்கிறேன்.
பிறகுதான் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப்போய்
அழி.