நாலாம் மாடி ஜாகா

மணி மூன்று நாற்பது. பாயான் லெப்பாஸில் மழை.
பாலத்துக்குப் போகும் லாரிகள்
இப்போதே வரிசை கட்டிவிட்டன.
நாலாம் மாடியிலிருந்து காக் கமாலியா கூப்பிடுகிறார்:
"வேனி, தாக் போலே புக்கா லா."

திறக்காதது மிகைநேரப் படிவம்.
கம்பெனியின் சொந்தப் பக்கம்.
இதே கட்டடத்தில், என் காலுக்குக் கீழே,
குளிரறைப் பெட்டி ஒன்றில்தான் குடியிருக்கிறது.
யூடியூப் திறக்கிறது.
சியோலில் முகப்பூச்சு விற்பவள் திறக்கிறாள்.
பூட்டிக் கிடப்பது வீட்டுக் கதவு மட்டும்.

அதுவும் நெருப்பு நரியில் மட்டும்.
நீல உலாவியில் பக்கம் வருகிறது,
ஆனால் 'அனுப்பு' என்ற பொத்தான் வருவதில்லை.
பத்து வருஷத்துக்கு முன் அதைக் கட்டிய ஹென்றி தியோவுக்கு
நரியைத்தான் பிடிக்கும்.
அவர் இப்போது மெல்பர்னில்.

ஐந்து மணிக்குப் படிவம் மூடும்.
பதினான்கு பேரின் நைட் ஷிப்ட் காசு.

குக்கியைத் துடைத்தேன். அணைத்துப் போட்டேன்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
என் தொழிலின் மூன்று கும்பிடுகள்;
சாமி அசையவில்லை.

பிறகு ஜாகாவை நினைத்தேன்.
திங்கட்கிழமை பூன் கியாட் கொண்டுவந்து நிறுத்திய
புதுக் காவல் மென்பொருள்.
ஒரு நிமிஷம் அதைத் தூங்க வைத்தேன்:
படிவம் பளிச்சென்று வந்தது.
எழுப்பினேன்: போயிற்று.
பூன் கியாட் லங்காவியில், போனை மூடிவிட்டு.
ஜாகாவைத் தூங்க வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போக முடியாது.

நரி சொன்ன பிழையை
அப்போதுதான் முழுசாகப் படித்தேன்:
'இந்தச் சான்றிதழை வழங்கியவர் யாரென்று தெரியவில்லை.'
வழங்கியவர் பெயரைத் தட்டிப் பார்த்தேன்.
எங்கள் பெயர் இல்லை.
ஜாகாவின் பெயர்.

போகிற வருகிற கடிதத்தையெல்லாம் பிரித்து,
படித்து, மடித்து, மறுபடி ஒட்டி
தன் முத்திரையைக் குத்தி அனுப்பியிருக்கிறான்.
நீல உலாவி விண்டோஸ் சொன்னவரையெல்லாம் நம்பும்.
நரி தன் குறிப்பேட்டில் பெயர் இல்லாதவரை
வாசலிலேயே நிறுத்தும்.
இத்தனை நேரம் நான் திட்டிக்கொண்டிருந்தது
சரியாக நடந்துகொண்டவனை.

காக் கமாலியா மெதுவாகக் கேட்டார்:
"அப்போ நான் எழுதுவதையும் படிக்கிறானா?"
காப்பி ஓ பொட்டலத்தின் கயிறு
அவர் விரலில் சுற்றியிருந்தது.
"மத்தியானம் பேங்க் பார்த்தேன் வேனி."

விலக்குப் பட்டியலைத் திறந்தேன்.
வங்கிகள் எல்லாம் இருந்தன,
ஜாகாவைச் செய்தவர்களே எழுதி அனுப்பியது.
ஊர்ப் பணக்காரன் கடிதத்தைத் தொடமாட்டான்.
எங்கள் வீட்டு முகவரிதான் அவனுக்குத் தெரியாது.
"பேங்கைப் படிக்கல காக்," என்றேன்.
மற்றதைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நான்கு ஐம்பத்தொன்று.
நரியின் உள்ளறையில் நீளமான அமைப்புகளின் காடு.
'இயந்திரம் நம்புவோரை நானும் நம்புவேன்'
என்ற வரிக்கு நேரே: பொய்.
இரண்டு முறை சொடுக்கினால் மெய்.
அவ்வளவுதான்.
பதினான்கு பெயர்களும் போய்ச் சேர்ந்தன,
கடைசிப் பெயர் நான்கு ஐம்பத்தெட்டுக்கு.

அவர் கிளம்பிய பிறகு உட்கார்ந்தேன்.
எங்கள் உள்வீட்டு முகவரிகள் பதினொன்றையும்
ஒவ்வொன்றாக விலக்குப் பட்டியலில் சேர்த்தேன்.
லீவு, சம்பளம், கிளினிக் சீட்டு, புகார்ப் பெட்டி.
புகார்ப் பெட்டியை இரண்டு முறை சரிபார்த்தேன்.
பிறகு உள்ளறைக்குத் திரும்பி
மெய்யை மறுபடி பொய்யாக்கினேன்.
படிவம் திறந்தது, எங்கள் சொந்த முத்திரையோடு.

டிக்கெட்டை மூட வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
'பயனர் தவறு' என்று முன்கூட்டியே தேர்வாகியிருந்தது.
கீழே இழுத்தேன். வன்பொருள். நெட்வொர்க். பிற.
'பிற'வில் முப்பது எழுத்துக்குத்தான் இடம்.

பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை.