அப்புறம்

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
முதல் டிரிப். பையில் இருந்தது
ஏழு பத்து ரூபாய்,
கைமாறிக் கைமாறித் துணியாகிவிட்ட ஓர் இருபது,
அடியில் கொஞ்சம் நாணயம்.
"யுனிவர்சிட்டி?" என்றாள்.
எனக்கோ பாக்கிதான் மண்டைக்குள்.
டிக்கெட்டின் முதுகில் 485 என்று கிறுக்கி
"அப்புறம்மா, அப்புறம்" என்றேன்.
அதைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்,
அவள் ஊர் எழுத்தில்.
கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்
குட்டி குட்டி ஆட்கள் மாதிரி இருந்தன.

அஜந்தா சிக்னலில் நின்றோம்.
முத்தியால்பேட்டையில் இன்னும் பதினாறு பேரைத் திணித்தோம்.
நான் ஊர் சொல்லிக் கூவும்போதெல்லாம்
கையை விரித்துப் பார்த்தாள்.
இது இல்லை.
இதுவும் இல்லை.

கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு.
பிராந்திக் கடைகள் சட்டென்று நின்றுபோகும்,
அதுதான் எங்களுக்கு எல்லைக்கல்.
முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் தாண்டினால்
மறுபடி புதுச்சேரி, மறுபடி கடைகள்.
மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை அணைத்திருந்தாள்.
பாஸ்போர்ட் நகல், விசா நகல், போலீசில் பதிந்த தாள்,
வெள்ளைச் சுவருக்கு முன்னால்
எட்டு முறை அவள் முகம்.
இரண்டு எல்லை கடந்தோம்.
ஒருத்தரும் எதையும் எடுத்துக் காட்டச் சொல்லவில்லை.

பிள்ளைச்சாவடியில் அஞ்சலாட்சி ஏறினாள், கூடையோடு.
"லக்கேஜ் போடணும்."
"மீனுக்கு டிக்கெட்னா மீன உக்கார வையிடா."
அந்தச் சண்டைக்கு நடுவில்
"காலேஜ், காலேஜ்" என்று கத்தினேன்.
எத்தனை பெரிய படிப்பு படித்தாலும்
எங்களுக்கு அது காலேஜ்தான்.
அவள் வெளியே எட்டிப் பார்த்தாள்.
கையைப் பார்த்தாள்.
உட்கார்ந்துகொண்டாள்.

கனகசெட்டிக்குளம். கடைசி.
மணவாளன் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தான்.
காலி சீட்டுகளுக்கு நடுவே அவள் ஒருத்தி,
முன்கம்பியைப் பிடித்தபடி,
கேட்டாள்:
"அப்புறம்?"

சிரித்தோம். அசிங்கமாகத்தான் சிரித்தோம்.
கோப்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள் பாருங்கள்,
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
டீக்கடையில் மாற்றினேன்.
இரண்டு நூறு, ஐந்து ஐம்பது, மூன்று பத்து,
ஓர் ஐந்து ரூபாய்க் காசு.
எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.
எண்ணியிருக்கலாம்.
திரும்பும்போது டிக்கெட் போடவில்லை,
ஸ்டாப்புக்கு முன்னாலேயே, கேட்டுக்கு நேராக
வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.
மணவாளன் முறைத்தான்.

ஹிவோத் என்று பெயர். எத்தியோப்பியா.
கடலே இல்லாத நாடாம்,
கடலைப் படிக்க வந்திருக்கிறாள்.
"கடல்ல இருக்கறதயா, கூடைல இருக்கறதயா?"
என்று அஞ்சலாட்சி கேட்டதை
என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.
இப்போதெல்லாம் சரியாகப் பதினைந்து,
கையில் வியர்த்த காசுகளாக.
போர்டில் காலாப்பட்டில் 'கா' மட்டும் படிப்பாள்.
துணைக்காலைத் தொட்டுக் காட்டி,
அவர்கள் எழுத்திலும் 'ஆ' என்று வாய் திறந்தால்
ஒரு கால் நீளும் என்றாள்.
எனக்கு என் எழுத்துக்குக் கால் இருப்பதே
அன்றுதான் கண்ணில் பட்டது.

நேற்று மழை. கூட்டமில்லை.
படுதாக்களை இறக்கிவிட்டு
பின்படியோர சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.
எதிர் சீட்டுக்கு வந்தாள்.
ஹாஸ்டலில் யார் சொல்லிக்கொடுத்தார்களோ,
எங்கள் தெருக்காரி மாதிரியே ஓர் இழுப்பு இழுத்து,
"அப்பொறம்?" என்றாள்.

பஸ் ஸ்டாண்ட், கனகசெட்டிக்குளம், பஸ் ஸ்டாண்ட்.
நாளைக்கு ஆறு நடை.
பை நிறையச் சில்லறை இருந்தது.
டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுக்கலாமென்று
பேனாவைக்கூட எடுத்தேன்.
பிறகு விசிலைக் கவ்விக்கொண்டேன்,
பொம்மையார்பாளையம் போகும்வரை
ஊதவில்லை.