மூன்று வருடத் தரிசு

பட்டினி போட்டால் சாகும் என்றார்கள்.
பெனிசியோ நிலத்தைப் பட்டினி போட்டான்.
மூன்று கோடை, மிளகாய் இல்லை.
முறைத் தண்ணீரைப் பக்கத்து
பீக்கன் தோப்புக்கு விற்றான்.
கடனுக்கு டிராக்டர் போனது.
ஓடிலியா மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனாள்.

மண்ணுக்குள்
கண்ணுக்குத் தெரியாத வாய்கள்
வேர் கிடைக்காமல் ஒவ்வொன்றாய்
மூடிக்கொண்டிருக்கும் என்று
இரவில் எண்ணியபடி படுத்தான்.

ஓரத்தில் பச்சை இருந்தது.
கோரைதானே.
ரியோ கிராண்டே ஈரம் தொட்ட இடமெல்லாம்
கேட்காமல் முளைக்கிற சனியன்.
ஜூலை மழைக்கு இன்னும் உள்ளே நடந்து வந்தது.
விட்டுவிட்டான்.
மிளகாய்க்கு வந்த நோய்
புல்லுக்கு எதற்கு வரும்?

நாலாம் வருடம் விதைத்தான்.
ஜூன் கடைசியில், தண்ணீர் நின்ற சாலிலேயே
தாகத்தில் தலை தொங்கின செடிகள்.
ஒன்றைப் பிடுங்கினான்.
வேரெல்லாம் முடிச்சு,
யாரோ பொறுமையாக உட்கார்ந்து
வட்டிக் கணக்குக்குப் போட்டதுபோல.

ஓடிலியா வந்தாள், கையில் பிளீச் வாசனை.
மிளகாயைப் பார்க்கவில்லை.
அதற்குப் பக்கத்துக் கோரையைக் கிழங்கோடு இழுத்தாள்.
எண்ணெய் தடவின மினுக்கம் இலையில்,
ஒரு வாட்டம் இல்லை, ஒரு குறை இல்லை.
ரொட்டிப் பையில் கட்டி
லாஸ் க்ரூசஸ் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினாள்.

பதினொரு நாள் கழித்து ஒரு தாள்:
கிழங்குக்குள் நூற்புழு. முட்டையும் உண்டு.

தமிழில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம்,
ஓம்புயிர்.
விருந்தை ஓம்புகிற அதே ஓம்பல்.
தேடி வந்தவர்கள் வாசலில் நிற்க,
உள்ளறையில் பிள்ளை பெற்றவளைப் படுக்கவைத்துவிட்டு
முகம் கோணாமல்
"இங்கே யாருமில்லையே" என்கிற வீட்டுக்காரி.
புகைமருந்து அடித்த வயல்களிலும்
அந்தக் கதவு திறக்கவில்லையாம்.

பெனிசியோ தாளை இரண்டு தரம் படித்தான்.
மடித்தான். மறுபடி பிரித்தான்.

"பட்டினி கிடந்தது
நாம் மட்டும்தான்" என்றாள் ஓடிலியா.

சாயங்காலம் இருவரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.
ஒன்றைத் தூக்கினால்
கிழங்கிலிருந்து ஒரு நூல்,
நூலில் இன்னொரு கிழங்கு,
அதிலிருந்து இன்னொரு நூல்,
இழுக்க இழுக்க
எங்கோ ஆழத்தில்
சின்னதாக
அறுகிற சத்தம்.