இருபது ஆம்பியர்

சிலிம் ரிவர் செம்பனை ஆலைக்குப் பின்னால்
நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி.
ஒரே வீடு, ஒரே மீட்டர்,
பேசிக்கொள்ளாத இரண்டு பெண்கள்.

கூட்டுப் பணம், மூவாயிரம் ரிங்கிட்.
யார் எடுத்தார், யார் கட்டவில்லை என்பதை
இங்கே எழுதப் போவதில்லை.
எழுதினால் என் பக்கம்தான் ஜெயிக்கும்.

குணவதி என் நாத்தனார்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
காலை ஏழரைக்கு வந்ததும்
கேத்தலைத் தட்டிவிட்டு
அடுத்த இரவுக்கான சட்டைக்கு இஸ்திரி போடுவாள்.
அந்த நேரம்தான் என் ஓவனுக்குள்
யாருடைய ஆர்டரோ உப்பிக்கொண்டிருக்கும்.

ஓவனுக்கு எட்டு ஆம்பியர்.
கேத்தலுக்கு ஒன்பது.
இஸ்திரிக்கு நாலு.
சமையலறைக்கும் கூடத்துக்கும் சேர்த்து
இழுத்துவிட்ட அந்த ஒற்றை லைன்
தாங்குவது இருபது.
ஒன்றே ஒன்றுதான் கூடுதல்.
அதற்காக உடனே விழுந்துவிடாது.
பொறுத்துப் பார்க்கும்,
உள்ளுக்குள் சூடேறும்,
நாம் மறந்துபோன பிறகு
டக்.

அப்படி மூன்று கேக்குகள் அமுங்கின.
மூன்றாவது ஒருவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்கு.
நடுவில் விழுந்த பள்ளத்தைக்
கிரீம் கொட்டி மூடினேன்.
அதன் மேலேயே எழுதினேன், நீடூழி வாழ்க.

பிறகுதான் எங்களுக்குள் ஒரு பாஷை வந்தது.
"ஓவன்" என்பேன், சுவரிடம்.
"எவ்வளவு நேரம்" என்பாள், பாத்திரத்திடம்.
"நாற்பது."
"ம்."
தூள் வெளுத்த விரல்களை மடியில் வைத்துக்கொண்டு
நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருப்பாள்.
"ஆச்சு" என்றதும்
அவள் தண்ணீர் உறுமத் தொடங்கும்.
குளியலறை ஹீட்டருக்குத் தனி லைன்.
ஆகவே குளிப்பதற்கு மட்டும்
நாங்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், மழை.
ஓவன் போடவில்லை.
விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜின் முனகல்,
வீடு மொத்தமும் அவிந்தது.
"என்ன போட்டே?"
"கேத்தல் மட்டுந்தான். நீ?"
"நான் ஒண்ணும் போடல."
ஐந்து மாதத்தில் அதுவே எங்கள் நீளமான பேச்சு.
ஒன்பதுதானே, கணக்கு இடிக்கிறதே என்று
இருட்டில் விரல்விட்டு எண்ணினேன்.

ஆ லொக்குக்குப் போன் போட்டேன்.
வயரிங் வேலை; தோட்டத்தில் வளர்ந்த சீனர்;
என்னைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவார்.
படுக்கையிலிருந்தே கேட்டார்:
"விழுந்தது சின்னதா, டெஸ்ட் பட்டன் வெச்ச பெரிசா?"
பெரிசு.
"அப்ப பாரம் இல்லக்கா, கசிவு.
பாரம்னா ரெண்டக் கழட்டுனா போதும்.
கசிவுன்னா எங்கன்னு தேடணும்லா.
எல்லாத்தையும் புடுங்கு,
ஒண்ணொண்ணாப் போட்டுப் பாரு."

நாற்காலி மேல் நான்.
கைப்பேசி வெளிச்சத்தோடு கீழே அவள்.
"ஃபிரிட்ஜ்." நின்றது.
"ஓவன்." நின்றது.
நிம்மதியை நான் காட்டிக்கொள்ளவில்லை.
"இஸ்திரி." நின்றது.
அவளும் காட்டிக்கொள்ளவில்லை.
"கேத்தல்."
டக்.

அவள் இங்கே குடிவந்த அன்று
நான் வாங்கிக் கொடுத்த கேத்தல்.
அடித்தட்டில் மயிரிழை விரிசல்,
அதற்குள் ஈரம்.
"மூணு வாரமாவே கை சுருக்குன்னுச்சு" என்றாள்.
"சொல்லியிருக்கலாமே."
"எந்த வாயால?"

கேஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.
இரண்டு குவளை.
அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்,
கொதித்தது இரண்டு குவளை அளவு.

புதுக் கேத்தலை அவளே வாங்கி வந்தாள்,
சின்னது, ஆறு ஆம்பியர்.
எட்டும் ஆறும் நாலும் பதினெட்டு.
இனி எல்லாவற்றையும் ஒன்றாகவே போடலாம்.
ஒருவர் ஒருவரைக் கேட்காமலே
இந்த வீட்டில் காலம் தள்ளலாம்.
மூவாயிரம் இன்னும் மூவாயிரமாகவே இருக்கிறது.

இன்று காலை வந்தாள்.
தண்ணீர் பிடித்தாள்.
சுவிட்சில் விரலை வைத்தபடி
"ஓவனா?" என்றாள்.
மாவே கலக்கவில்லை நான்.
ஓவனின் சிவப்பு விளக்கு எரியாதது
அவள் நிற்கும் இடத்திலிருந்து நன்றாகத் தெரியும்.
"ம்" என்றேன். "நாற்பது."

விரலை எடுத்தாள்.
உட்கார்ந்தாள்.