இருநூற்றி இருபது

கிளிநொச்சியில் ஜப்பான் பழைய சாமான் கடை.
சைக்கிளுகள், தையல் மெசின்,
ஆரோ ஒரு பிள்ளையின்ர பள்ளிக்கூடப் பை,
எல்லாத்துக்கும் கீழ ஒரு பேசன் நிறையக் கத்தி.
ஒண்டு ஆயிரத்து இருநூறு.
நவரூபன் அஞ்சு சதமும் குறைக்கேல்லை.

பிடிக்குக் கிட்ட நாலு எழுத்து.
பேரோ, ஊரோ.
வாயில மூண்டு பல்லுக் கொட்டுண்டு கிடந்தது.
எலும்பில வைச்சு அடிச்சிருக்கினம்,
இல்லாட்டி உறைஞ்ச மீனில.
அவசரக்காரர் அங்கையும் இருக்கினம்.

கல்லும் அங்கதான் வாங்கினது.
செங்கல் மாதிரி, ஆனால் பச்சை.
பக்கத்தில இருநூற்றி இருபது எண்டு அடிச்சிருந்தது.
நாலாயிரம் எண்டும் ஒண்டு கிடந்தது, பால்கட்டி போல வழுவழுப்பு.
விலையைக் கேட்டுப்போட்டு
கையை எடுத்திட்டன்.

மாங்குளம். கடைக்குப் பின்பக்கம், தண்ணி டாங்குக்கு அடியில.
வாளிக்குள்ள கல்லை விட, குமிழி குமிழியாய் வருது.
கடைசிக் குமிழிமட்டும் பொறுக்கவேணும்.
பொறுமைக்கு எனக்கு மாதச் சம்பளம் தந்தவை,
ஏழு வருசம், முகமாலை வெளியில,
முகத்துக்கு முன்னால பிளாஸ்ரிக் மறைப்பு,
முழங்காலுக்குக் கீழ ஒரு துண்டு ரப்பர்.
கம்பி முப்பது பாகை சரிவில போகவேணும் மண்ணுக்குள்ள.
நிமித்திக் குத்தக் கூடாது.

இதுக்குப் பதினைஞ்சு.
முதல் நாள் கத்தி முதுகுக்குக் கீழ
அஞ்சு ரூபாக் குத்தி ரெண்டை அடுக்கிப் பாத்தன்.
பிறகு எடுத்திட்டன்.
மணிக்கட்டுக்குத் தெரியுது.

கர்ர். கர்ர்.
"பல்லுக் கூசுதக்கா" எண்டு கெங்கா உள்ளுக்குப் போயிட்டாள்.
சாம்பல் நிறத்தில சேறு வருது,
கழுவக் கூடாது, அதுவும் சேர்ந்துதான் தின்னுது இரும்பை.

இரும்பில பள்ளத்தை நிரப்ப ஏலாது.
மற்றதெல்லாம் அந்தப் பள்ளம்மட்டும்
இறங்கி வரவேணும்.
ஒரு பிழையும் செய்யாத நுனி,
வெங்காயத்தைத் தவிர ஒண்டும் காணாத நடு,
எல்லாம்.
ஒரு மணித்தியாலம் இதை நினைச்சுக்கொண்டு உரஞ்சினன்.
பிறகு நினைக்கேல்லை, உரஞ்சினன்.

கத்தி தேயக் கல்லும் குழியுது.
வீட்டுத்திட்டத்தில பாதியில நிண்ட அறை ஒண்டு எனக்கிருக்கு,
கூரை இல்லை, சீமெந்து நிலம் இருக்கு.
கல்லில பென்சிலால கட்டம் கீறி
மணலும் தண்ணியும் போட்டு நிலத்தில தேச்சன்.
கோடு அழிஞ்ச இடம் மேடு,
அழியாத இடம் பள்ளம்.
அங்கையும் கட்டம்தான். முடிஞ்ச கட்டத்துக்கு
வெள்ளைத் தடி நட்டுப்போட்டு அடுத்ததுக்கு நகருவம்.
இங்க நடுறதுக்கு ஒண்டுமில்லை,
கோடு போனால் எழும்பலாம்.

பெருவிரலை வாயுக்குக் குறுக்கால மெல்ல இழுக்க
மற்றப் பக்கத்தில பிசிர்.
இந்தப் பக்கம் உரஞ்சினது
அந்தப் பக்கத்தில வந்து நிக்குது.
திருப்பிப் போட்டன்.

முதல் பல் போச்சு. ரெண்டாவதும்.
மூண்டாவது ஆழம், பிடியோரம்.
அதைத் துரத்தினால்
கத்தியில பாதி சேறாய்ப் போயிடும்.
கடைக்காரர் சீவரத்தினம் எட்டிப் பாத்தார்:
"எட்டுக் கிலோ வெங்காயம் கிடக்குப் பிள்ளை.
கொழும்பு பஸ் பத்தரைக்கு நிக்கும்."
நிப்பாட்டினன்.

நாலாயிரம் இல்லாத கூர், கொஞ்சம் முரடு.
தக்காளித் தோலுக்கு அதுதான் நல்லது,
வழுக்காமல் கவ்வுது.
பழைய ஜீன்ஸ் துணியில நாலுதரம் இழுத்து
கெங்காட்டக் குடுத்தன்.

முதல் கிலோ முடிய நிமிந்து பாத்தாள்.
"என்னக்கா, கண் எரியேல்லை."

பலகையில வட்டம் வட்டமாய் வெங்காயம்.
ஒவ்வொண்டிலயும், பிடியோரம் வெட்டுப்பட்ட இடத்தில,
ஒரு நார் அறாமல் நிண்டது.
அவள் அதை விரலால பிச்சுப் பிச்சுச்
சட்டிக்குள்ள போட்டாள்.