காலி ஆணி

ஐம்பத்திரண்டு மே, லுகானோ.
மூன்றாம் ஆடுகளத்தின் எண்பலகை என் பொறுப்பு.
ஓர் ஆணியில் பெயர், பக்கத்து ஆணியில் நாடு.

வெர்ஹேகன். பெல்ஜியம்.
ஹொரின்.
அவனுக்கு மாட்டப் பலகையில்லை.
பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டார்களாம்,
அவன் ஊருக்குத் திரும்பவில்லையாம்.
"என்ன மாட்டட்டும்?" என்று
கையால் கேட்டேன்.
ஆணியைப் பார்த்தான்.
தொப்பியைக் கழற்றி
அதில் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

இரட்டையர் இருவருக்கும் பொதுமொழி கிடையாது.
எங்கள் இத்தாலியனில்
இரண்டே சொல் கற்றிருந்தார்கள்:
எனது. உனது.
நாலு சுற்று அதிலேயே ஓடிற்று.

அரையிறுதி, ஐந்தாம் செட், ஒன்பதுக்குப் பத்து.
பந்து செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.
எதிரே இரண்டு ஆஸ்திரேலியர்கள்,
வியர்க்கவே தெரியாதவர்கள்.
அதில் நெட்டையன் தூக்கியடித்த பந்து
வெயிலுக்குள் போய்
மெல்ல, மிக மெல்ல
நடுக்கோட்டுக்கு இறங்கியது.

"உனது" என்றான் வெர்ஹேகன்.
"உனது" என்றான் ஹொரின்.

தொப்பென்று விழுந்தது.

கூட்டம் சிரித்தது. அவர்களும்,
வலையருகே குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு,
நடுவர் கைகொடுக்கக் காத்து நிற்பதைக்கூடப் பாராமல்.

சாயங்காலம் பலகைகளைப் பெட்டியில் அடுக்கினேன்.
பெல்ஜியம் போயிற்று, ஆஸ்திரேலியா போயிற்று.
தொப்பி ஆணியிலேயே இருந்தது.
ஜெனோவா ரயில் போய் ஒரு மணி நேரம்.

உள்பட்டையில் மையால் எழுதிய முகவரி.
வியர்வையில் ஊர் கரைந்திருந்தது, தெருவும்.
கதவு எண் மட்டும் தெரிந்தது:
பதினான்கு.