இறக்கம்

ஃப்ரீசரில், மீன் பொட்டலத்துக்கு அடியில்
இரண்டு பேரிங்குகள் விடிய விடியச் சுருங்கிக் கிடந்தன.
அடுப்பில், தோசைக்கல் மேல், கேஸிங்.
தண்ணீர் தெளித்தால் சொய்ங்கென்று உருண்டோட வேண்டும்,
தோசைக்குப் பார்க்கிற அதே பதம்.
எடுத்து வைத்தேன்.
டொக்.
சுத்தியல் தொடாமல் தானாக இறங்கி உட்கார்ந்தது.
பல் விளக்கியபடி வந்த பச்சியப்பன் கேட்டார்:
"இன்னைக்குத் தொட்டுக்க சட்னியா, கிரீஸா?"

குகையில் வாடகை வீடு.
பகலில் எனக்கு ஜவ்வரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு,
ராத்திரி பத்துக்கு மேல் நூறு சிசி.
நாகலூர் அருளப்பனுக்கு மூன்று ஏக்கர் காப்பி,
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகு,
ஜீப் நுழையாத சரிவு.
"கழுதை மாதிரி ஒண்ணு செஞ்சு குடும்மா,
தீனி மட்டும் பெட்ரோலா இருக்கட்டும்" என்றார்.
நாலு சக்கரம் சேர்ந்தது, ஆட்டோவின் பின்னச்சு சேர்ந்தது,
என்ஜின் மட்டும்
கோணிச்சாக்கில் உதிரியாக வந்தது, எலும்பு மாதிரி.

செவ்வாய்ப்பேட்டை லேத்தில் கமாலுதீன் போர் அடித்துத் தந்தார்.
"போர்ட்டை ஒரு மில்லி தூக்கிடவா, பறக்கும்."
வேண்டாம் பாய்.
மூட்டை சுமக்கிறதுக்குப் பறப்பு எதற்கு, மூச்சு போதும்.
விளிம்புகளை மட்டும் நானே அரத்தால் மழித்தேன்,
ரிங் போய்ச் சிக்கிக்கொள்ளாதபடி,
விரல் நுனியால் தடவித் தடவி,
சுண்டுவிரல் கிழிந்த பிறகு இன்னும் கவனமாக.

நர்ஸ் வேலை பார்க்கும் நாத்தனார் ஊசியில்லாத சிரிஞ்ச் தந்தாள்.
லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி ஆயில்.
இந்த ஜாதி என்ஜினுக்கு வயிற்றில் தனியாக எண்ணெய் கிடையாது,
குடிக்கிறதிலேயே கலந்து வருவதுதான்
தேய்த்துக்கொள்ளவும்.
இதை நான் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

குப்பனூர் வழியாக, காலை நாலு மணி,
யாரும் மறித்து ஆர்சி புக் கேட்காத நேரம்.
கொட்டச்சேடு தாண்டியதும் இருமத் தொடங்கியது.
காற்று மெலிந்துவிட்டது, பெட்ரோல் அதே அளவு.
பிளக்கைக் கழற்றினால் கண்மை,
ஈரக் கண்மை.
சேலத்து வெயிலுக்கு அளவெடுத்த சட்டை
மலையில் தொளதொளத்தது.
நூற்றுப் பதினைந்து ஜெட்டைக் கழற்றிப் பையில் போட்டு
நூற்றுப் பத்தை மாட்டினேன், செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்து.
இருமல் நின்றது.
அருளப்பன் வீட்டு நாய்கள்தான் நிற்கவில்லை.

பதினான்கு மூட்டை.
சேறு, வேர், வழுக்குப் பாறை, எல்லாவற்றின் மேலும் அலறிக்கொண்டு ஏறியது.
மத்தியானம் பிளக் பார்த்தேன்: பிஸ்கட் நிறம்.
அருளப்பன் மனைவி செலின் ஒரு டம்ளர் காப்பி எனக்குத் தந்துவிட்டு
இன்னொன்றை அதன் சீட்டில் வைத்தாள்.

பிரேக்கில் ஒரு சின்னக் குறை, வீட்டில் சரிசெய்யலாம் என்று
சாயங்காலம் கிளம்பினேன்.
இறக்கம்தானே,
கையை மூடி, இரண்டாம் கியரில்
என்ஜினையே பிரேக்காக்கி வந்தேன்.
ஏறும்போது அதன் கத்தலெல்லாம் எண்ணெயோடு.
இறங்கும்போது
சுற்றுவது நிற்கவில்லை, சொட்டுதான் நின்றது.
கீழே வரவரக் காற்று கெட்டியானது வேறு.

கீச்.
பின்சக்கரங்கள் இரண்டும் தார்மேல் கோடு கிழித்தன.
கிளட்சைப் பிடித்த கை அப்படியே இருந்தது.
சில்வண்டுகள். சூடான அலுமினிய வாசனை.
பள்ளத்தில் சேலம் ஒவ்வொரு விளக்காகப் போட்டுக்கொண்டிருந்தது.
மீதி மலையை நியூட்ரலில் இறங்கினேன்,
குறையுள்ள அந்தப் பிரேக்கை நம்பி.

ஞாயிற்றுக்கிழமை.
போரில் அப்பிய அலுமினியத்தைக் கழிவறை ஆசிட் கரைக்கும்;
பஞ்சில் தொட்டுத் தொட்டு ஒற்றுகிறேன், நுரைக்கிறது.
துணி ஊறவைக்கப் போன பச்சியப்பன்
நான் போட்டுப்போன தன் சட்டைப் பையைத் துழாவி,
பித்தளையில் பொடியாக ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்.
அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்க்கிறார்.
"இது என்ன, மூக்குத்தித் திருகா?"